கதிரவன் தரும் மின்சாரம் வீட்டுக்குக் கட்டுப்படியாகுமா?

கதிரவன் இன்றி இவ்வுலகில் உயிர் இல்லை. நாம் உண்ணும் சோறும், உடுக்கும் பருத்தியும், பருகும் மழை நீரும் அவன் ஒளியால் விளைந்தவையே. அடுப்பில் எரியும் விறகு, ஒரு மரம் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த வெயில். நெய்வேலியில் வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியோ, மனிதன் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே மண்ணில் புதைந்துபோன காடுகளின் வெயில். இவ்வாறு சுற்றி வளைத்துப் பெற்று வந்த ஆற்றலை, இன்று மொட்டை மாடியிலேயே நேராகப் பெற முடிகிறது. நம் ஊர்த் தெருக்களில் நடந்து சென்றால், நீலமும் கறுப்புமாய்ப் பளபளக்கும் பேனல்களை வீட்டுக்கு வீடு காணலாம்.

இவற்றை விற்பவர்கள் வாசல் தேடி வருகிறார்கள். "இனி உங்கள் வீட்டுக்குக் கரண்டு பில்லே வராது" என்கிறார்கள். அரசு மானியம் உண்டு, வங்கிக் கடனும் உண்டு என்று தாளில் எழுதிக் காட்டுகிறார்கள். பெற்றோர் பலர் சீட்டுப் பணத்தையும், பெட்டியில் உள்ள நகையையும் எண்ணிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். அன்பு மாணவியரே, அறிவியலும் கணக்கும் கற்ற மகள் வீட்டில் இருக்க, விற்க வந்தவரே கணக்குப் போட்டுத் தருவது முறையாகுமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்த ஒரு பாடமாவது கறிக்கு உதவட்டும் என்ற எண்ணத்துடன், சூரிய மின்சாரம் எவ்வாறு உண்டாகிறது, அது எந்த வீட்டுக்கு இலாபம், எந்த வீட்டுக்கு நட்டம் என்பதை இங்கு காண்போம்.

மணலில் பிறக்கும் மின்சாரம்

ஒளி பட்டால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கரல் கண்டார். அப்போது அவருக்கு வயது 19. ஒளி சிறு சிறு பொட்டலங்களாக வந்து மோதி எலெக்ட்ரான்களை விடுவிக்கிறது என்று 1905-இல் ஐன்ஸ்டீன் விளக்கினார். அவருக்கு 1921-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது இந்த விளக்கத்துக்காகத்தான். ஆனால் பயன்படத்தக்க சூரிய மின்கலம் வருவதற்கு 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் என்ற மூவர் சிலிக்கனால் ஆன மின்கலத்தைச் செய்து காட்டினர். அதன் மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கே மின்சாரமாக மாறியது. 1958-இல் அத்தகைய மின்கலங்கள் 'வான்கார்டு' என்ற செயற்கைக் கோளில் ஏறி விண்வெளிக்குச் சென்றன. விண்வெளிக்குச் சென்ற அந்தப் பொருள் நம் மாடிக்கு இறங்கி வர அரை நூற்றாண்டு ஆயிற்று. விலைதான் அதற்குக் காரணம்.

சிலிக்கன் என்பது அரிய பொருளன்று. பூமியின் மேலோட்டில் ஆக்சிஜனுக்கு அடுத்தபடியாக மிகுந்திருப்பது அதுவே. வெண்மணலிலும் படிகக் கல்லிலும் அது உண்டு. அதை நன்றாகத் தூய்மைப்படுத்தி, மெல்லிய வில்லைகளாக அறுக்கிறார்கள். சிலிக்கன் அணுவின் வெளிக்கூட்டில் நான்கு எலெக்ட்ரான்கள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். வில்லையின் ஒரு பக்கத்தில், ஐந்து வெளி எலெக்ட்ரான் கொண்ட பாஸ்பரஸைச் சிறிதளவு கலக்கிறார்கள். அங்கே எலெக்ட்ரான் மிகுதியாகிறது. மறு பக்கத்தில், மூன்று மட்டுமே கொண்ட போரானைக் கலக்கிறார்கள். அங்கே எலெக்ட்ரானுக்குக் குறை ஏற்பட்டுத் துளைகள் உண்டாகின்றன. இவ்விரு பக்கங்களும் சந்திக்கும் இடத்தில் ஒரு மின்புலம் தானாக அமைகிறது. அதை ஒரு வழிக் கதவு என்று எண்ணிக்கொள்ளுங்கள். வெயில் பட்டு விடுபட்ட எலெக்ட்ரானை அக்கதவு ஒரே திசையில் தள்ளிவிடுகிறது. வெளியே கம்பி இணைத்தால் அந்த எலெக்ட்ரான் கம்பி வழியே ஓடி, விளக்கை எரித்துவிட்டு, மறு பக்கத்தால் வீடு திரும்புகிறது. இதில் அசையும் உறுப்பு எதுவுமில்லை. புகை இல்லை, சத்தம் இல்லை.

ஒரு மின்கலம் தருவது ஏறத்தாழ அரை வோல்ட் மட்டுமே. ஆகவே பல மின்கலங்களைச் சங்கிலிபோல் வரிசையாகக் கோத்து, கண்ணாடிக்குள் வைத்து மூடி ஒரு பேனலாக்குகிறார்கள். 1954-இல் ஆறாக இருந்த விழுக்காடு இன்று வீட்டுப் பேனல்களில் 20-ஐத் தாண்டிவிட்டது.

மாடியிலிருந்து மீட்டர் வரை

பேனல் தருவது நேர் மின்னோட்டம், அதாவது டார்ச் விளக்கின் பேட்டரி தருவது போன்றது. நம் வீட்டு விசிறியும் மிக்சியும் ஓடுவது மாறு மின்னோட்டத்தில். வினாடிக்கு 100 முறை திசை மாறும் 230 வோல்ட் மின்சாரம் அது. நேர் மின்னோட்டத்தை இவ்வாறு மாற்றித் தரும் கருவிதான் இன்வெர்ட்டர். பேனல் சூரிய மின்சாரத்தின் கை என்றால், இன்வெர்ட்டரை அதன் மூளை எனலாம்.

இன்வெர்ட்டரிலிருந்து வரும் மின்சாரம் முதலில் வீட்டுக்குள் ஓடும் கருவிகளுக்குச் செல்கிறது. வீட்டில் அப்போது தேவை இல்லையென்றால், மிகுதி தெருக் கம்பிக்குப் போகிறது. இரவில் சூரியன் இல்லாதபோது வழக்கம்போல் மின்வாரியத்தின் மின்சாரம் உள்ளே வருகிறது. போவதையும் வருவதையும் தனித்தனியாக எழுதி வைக்க, பழைய மீட்டரை எடுத்துவிட்டு இரு வழி மீட்டர் ஒன்றைப் பொருத்துகிறார்கள். கணக்கு எடுக்கும் நாளில் வந்ததிலிருந்து போனதைக் கழித்து, மிச்சத்துக்குப் பணம் கட்டினால் போதும். பக்கத்து வீட்டுக்குக் காலையில் ஒரு படி அரிசி கொடுத்து, மாலையில் ஒரு படி திரும்ப வாங்கிக்கொள்வது போன்ற ஏற்பாடு இது.

ஒரு கிலோவாட் எவ்வளவு தரும்?

பேனலின் அளவைக் கிலோவாட்டில் சொல்வார்கள். ஒரு கிலோவாட் பேனலுக்கு நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். நம் மாநிலத்து வெயிலில் அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அப்படியானால் இரு மாதத்துக்கு 240 யூனிட். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கணக்குக்கெல்லாம் இதுவே அடிப்படை. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இதற்குக் குறையும். மாசி, பங்குனியில் கூடும்.

சித்திரை வெயிலில்தான் மிகுதியாகக் கிடைக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். வெப்பம் அதற்குப் பகை. பேனலின் திறனை 25 பாகை வெப்பநிலையில் அளந்து எழுதுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.35 விழுக்காடு திறன் குறைகிறது. உச்சி வெயிலில் பேனல் 60 பாகை வரை காய்ந்துவிடும். அப்போது நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு போய்விடுகிறது. ஆகையால்தான் பேனலைத் தரையோடு ஒட்டி வைக்காமல், கீழே காற்றோட்டம் இருக்கும்படி சட்டம் அடித்துத் தூக்கி நிறுத்துகிறார்கள். ஆள் உயரத்துக்கு மேல் நிறுத்திவிட்டால், அம்மா துணி உலர்த்தவும் இடம் மிஞ்சும். வடகத்துக்கு மட்டும் வெயில் விழும் மூலை ஒன்றை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

மின்வெட்டு நேரத்தில் என்ன ஆகும்?

விற்பவர்கள் பலர் சொல்ல மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. பேட்டரி இல்லாத சாதாரண சூரிய அமைப்பு, தெருவில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். நண்பகல் வெயில் கொளுத்தினாலும் சரி, வீட்டில் விசிறி சுற்றாது.

இது குறைபாடு அன்று. உயிரைக் காக்கும் ஏற்பாடு. கம்பி அறுந்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மின்வாரியத் தொழிலாளி கம்பத்தில் ஏறியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் நம் மாடியிலிருந்து மின்சாரம் கம்பிக்குப் பாய்ந்தால் அவர் கதி என்ன? ஆகவே தெருவில் மின்சாரம் இல்லை என்று கண்டவுடனே இன்வெர்ட்டர் தானே அணைந்துவிட வேண்டும் என்பது விதி. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தில் கரை கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் ஆயிரக்கணக்கில் கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய வேளையில் பேட்டரி இல்லாத அமைப்பு ஒரு விளக்கையும் ஏற்றாது.

மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமானால் பேட்டரியும், அதற்கு ஏற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். பத்துக் கன்னியர் உவமையை நாம் அறிவோம். விளக்கு எல்லோரிடமும் இருந்தது. எண்ணெய் சேர்த்து வைத்தவர்களுக்கே அது உரிய நேரத்தில் எரிந்தது. ஆனால் இக்காலத்து எண்ணெய்ப் பாத்திரமான பேட்டரிக்கு விலை அதிகம். ஈயப் பேட்டரியைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். லித்தியம் பேட்டரி அதைவிட நெடுநாள் உழைக்கும். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

ஆற்றலைப் பிடிப்பதைவிடச் சேர்த்து வைப்பதே கடினம் என்பதை முன்பே பட்டறிந்த ஒரு பெண்மணியை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். அங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மரியா டெல்கெஷ் என்ற விஞ்ஞானி, 1948-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து டோவர் என்னும் ஊரில் சூரிய வெப்பத்தாலேயே குளிர்காலத்தைக் கழிக்கும் வீட்டை அமைத்தார். வீட்டை வரைந்தவர் எலியனோர் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர். பணம் கொடுத்தவர் அமீலியா பீபாடி. மூவரும் பெண்களே! பகலில் கிடைத்த வெப்பத்தை கிளாபர் உப்பு என்ற பொருளை உருகச் செய்து சேர்த்து வைத்தார்கள். சில குளிர்காலங்கள் வீடு கதகதப்பாக இருந்தது. பிறகு உப்பு சரிவர உருகி உறையாமல் அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. முயற்சி முழு வெற்றி பெறவில்லை எனினும், சூரிய வீடு என்ற எண்ணத்தை உலகுக்குக் காட்டிய பெருமை அம்மூவரையும் சேரும்.

கட்டுப்படியாகுமா?

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பது நற்செய்தியில் நாம் கேட்டுப் பழகிய போதனை. மாடியில் பேனல் நிறுத்துவதும் ஒரு சிறு கோபுரந்தான். ஆகவே உட்கார்ந்து கணக்கிடுவோம்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய 'பிரதமரின் சூரிய வீடு' திட்டத்தில், ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 என மானியம் அறிவிக்கப்பட்டது. 2026-27 நிதியாண்டு வரைக்குமான திட்டம் அது. ஆதலால் விண்ணப்பிக்கும் நாளில் மானியம் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டறிவது முதல் வேலை. இரண்டாவது செய்தி, மானியம் வேலை முடிந்த பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். முழுத் தொகையையும் முதலில் நாம்தான் புரட்ட வேண்டும்.

இனிக் கட்டணம். நம் மாநிலத்தில் இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் இலவசமாக்கப்பட்டது. அதற்கு மேல் படிக்கட்டுபோல் விலை ஏறும். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, 400 யூனிட் வரை யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்க்கும் குறைவு. 500-ஐத் தாண்டினால் எட்டு ரூபாய்க்கு மேல். 1,000-ஐத் தாண்டினால் பதினோரு ரூபாய்க்கும் மேல். 500-க்குள் நிற்கும் வீடுகளுக்கு 101 முதல் 200 வரை பாதி விலைச் சலுகையும் உண்டு. எனவே நம் மாநிலத்தில் எல்லா யூனிட்டும் ஒரே விலை அன்று. அடிப் படியில் இருப்பது இலவசம். உச்சிப் படியில் இருப்பது பொன் விலை. பேனல் முதலில் வெட்டிக் குறைப்பது உச்சிப் படியைத்தான். உச்சிப் படி இல்லாத வீட்டில் அது எதை வெட்டும்?

நான்கு வீடுகளை எடுத்துக்கொள்வோம். பேனலின் விலை ஒரு கிலோவாட்டுக்கு 80,000, இரண்டுக்கு 1,40,000, மூன்றுக்கு 2,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விலைகள் ஊருக்கும் நிறுவனத்துக்கும் ஏற்ப மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

முதல் வீடு: இரு மாதத்துக்கு 200 யூனிட். கட்டணம் சுமார் 235 ரூபாய். ஒரு கிலோவாட் போட்டால் மானியம் போக 50,000 ரூபாய் செலவு. கட்டணம் முழுவதும் மிச்சமானாலும் ஆண்டுக்கு 1,410 ரூபாய்தான். போட்ட பணம் திரும்ப 35 ஆண்டுகள் ஆகும். பேனலின் ஆயுளோ சுமார் 25 ஆண்டுகள். ஆக, இது நட்டம்.

இரண்டாவது வீடு: 300 யூனிட். கட்டணம் சுமார் 705 ரூபாய். அதே ஒரு கிலோவாட். ஆண்டு மிச்சம் 4,230 ரூபாய். கைப்பணம் போட்டால் பன்னிரண்டு ஆண்டுகளில் திரும்பும். நகையை அடகு வைத்து ஒன்பது விழுக்காடு வட்டிக்கு 50,000 வாங்கினால், ஆண்டு வட்டியே 4,500 ரூபாய். மிச்சமாகும் பணம் வட்டிக்கே போதாது. நகையை எந்நாளும் மீட்க முடியாது. "பில் வராது" என்ற சொல் உண்மையாகவே இருக்கும். ஆனால் பில்லுக்குப் பதிலாக அடகுக்கடைச் சீட்டு வரும்!

மூன்றாவது வீடு: 500 யூனிட். கட்டணம் சுமார் 1,800 ரூபாய். இதற்கு இரண்டு கிலோவாட் போதும். மானியம் போக 80,000 ரூபாய். ஆண்டு மிச்சம் 10,800. ஏழரை ஆண்டுகளுக்குள் பணம் திரும்பிவிடும். அதே 80,000-ஐ வங்கியில் ஏழு விழுக்காட்டுக்குப் போட்டால் ஆண்டுக்குக் கிடைப்பது 5,600 ரூபாய். வங்கியில் முதல் அழியாமல் இருக்கும். பேனலோ தேயும் பொருள். அதையும் எண்ணிப் பார்த்தாலும், கையில் பணம் இருப்பவர்களுக்கு இது நல்ல முதலீடே.

நான்காவது வீடு: 800 யூனிட். குளிர்சாதனம், நீர் இறைக்கும் மோட்டார், பெரிய குடும்பம். கட்டணம் சுமார் 4,770 ரூபாய். மூன்று கிலோவாட் போட்டால் 720 யூனிட் கிடைக்கும். மீதி 80 யூனிட் இலவசப் படிக்குள் அடங்கிவிடும். மானியம் போக 1,22,000 ரூபாய். ஆண்டு மிச்சம் 28,600. நான்கரை ஆண்டுகளுக்குள் பணம் திரும்பும். ஏழு விழுக்காட்டு வங்கிக் கடன் வாங்கி ஐந்து ஆண்டுகளில் அடைத்தாலும், மாதத் தவணையும் மாத மிச்சமும் ஏறக்குறைய சமமாக வரும். அதற்குப் பிறகு பல ஆண்டுகளுக்கு இலாபம்.

இக்கணக்கில் சிறு கட்டணங்களைச் சேர்க்கவில்லை. மின்வாரியம் கம்பியைப் பயன்படுத்துவதற்கென்று கட்டணம் கேட்டால் அதையும் மிச்சத்திலிருந்து கழிக்க வேண்டும். இன்வெர்ட்டரைப் பத்து ஆண்டுகளுக்குப் பின் ஒரு முறை மாற்ற நேரலாம். பேனலின் திறனும் ஆண்டுக்கு அரை விழுக்காடு போலத் தேயும். அரசு இலவச யூனிட்டைக் கூட்டினால் பேனலின் இலாபம் குறையும். கட்டணத்தை உயர்த்தினால் இலாபம் கூடும். எப்படியாயினும் ஒன்று விளங்குகிறது. வெயில் எல்லார் வீட்டு மாடியிலும் ஒரே அளவில்தான் விழுகிறது. இலாபம் மட்டும் ஒரே அளவில் விழுவதில்லை. அதைத் தீர்மானிப்பது மின் அட்டையில் உள்ள யூனிட் எண்ணிக்கையே.

பேனலுக்கு முன் விசிறி

அப்படியானால் முதல் இரண்டு வீட்டாரும் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. பழைய மாதிரி மின்விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்று விற்கப்படும் புதுவகை விசிறி 35 வாட்டுக்குள் அதே காற்றைத் தரும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால், ஒரு விசிறிக்கு இரு மாதத்தில் 29 யூனிட் மிச்சம். மூன்று விசிறிகளை மாற்றினால் 86 யூனிட். 300 யூனிட் வீடு 214-க்கு இறங்கிவிடும். கட்டணம் 705 ரூபாயிலிருந்து சுமார் 300 ரூபாயாகக் குறையும். விசிறி ஒன்று 3,000 ரூபாய் என்றால் மொத்தச் செலவு 9,000. அது நான்கு ஆண்டுகளுக்குள் திரும்புகிறது. அதே வீட்டில் பேனலுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் என்று கண்டோமல்லவா? உண்டாக்கிய யூனிட்டைவிட மிச்சம் பிடித்த யூனிட் மலிவு.

இன்னொரு நுட்பமும் உண்டு. 500 யூனிட்டில் நின்ற வீடு 510-ஐத் தொட்டால், சலுகை பறிபோய்க் கட்டணம் 300 ரூபாய்க்கு மேல் கூடிவிடுகிறது. அந்தப் பத்து யூனிட்டை மிச்சம் பிடிக்க ஆளில்லா அறையில் சுற்றும் விசிறியை நிறுத்தினாலே போதும். அதற்கு மானியமும் வேண்டாம், கடனும் வேண்டாம்.

போடுவதென்று முடிவு செய்தால்

முதலாவது, ஓராண்டின் ஆறு கணக்குகளையும் எழுதிக் கூட்டிச் சராசரி பாருங்கள். கோடைக் கணக்கு ஒன்றை மட்டும் வைத்து அளவை முடிவு செய்யக் கூடாது. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும். மிஞ்சிய மின்சாரத்தை விற்றுப் பொருள் சேர்க்கலாம் என்று தேவைக்கு மேல் பெரிதாகப் போடுவது வீண் செலவு.

இரண்டாவது, நிழலைக் கவனியுங்கள். மின்கலங்கள் சங்கிலிபோல் கோக்கப்பட்டவை என்று கண்டோம். ஒரு கண்ணி தளர்ந்தால் சங்கிலியே தளரும். தண்ணீர்த் தொட்டியின் நிழலோ, அடுத்த வீட்டுத் தென்னை ஓலையின் நிழலோ ஒரு மூலையில் விழுந்தாலும், அந்த வரிசை முழுவதும் பாதிக்கப்படலாம். காலை ஒன்பது மணி, நண்பகல், மாலை மூன்று மணி ஆகிய மூன்று நேரமும் மாடிக்குச் சென்று நிழலைக் குறித்து வாருங்கள்.

மூன்றாவது, திசை. நாம் நிலநடுக் கோட்டுக்கு வடக்கே இருப்பதால் பேனல் தெற்கு நோக்கி இருக்க வேண்டும். சாய்வு, நம் ஊரின் அட்சரேகை அளவுக்கு, அதாவது 8 முதல் 13 பாகை வரை இருந்தால் நன்று.

நான்காவது, சட்டத்தின் உறுதி. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இரும்பை அரிக்கும். புயலோ பேனலைப் பட்டம்போல் தூக்கும். துத்தநாகப் பூச்சுள்ள சட்டத்தைக் கான்கிரீட்டில் நன்றாக ஊன்ற வேண்டும்.

ஐந்தாவது, பராமரிப்பு. வாரம் ஒரு முறையோ இரு முறையோ காலைக் குளிரில் நல்ல தண்ணீரால் தூசியைக் கழுவினால் போதும். காய்ந்த கண்ணாடியில் உச்சி வேளையில் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது.

ஆறாவது, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குவது. பேனலுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், இன்வெர்ட்டருக்கு எத்தனை, பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். மானியத்துக்கு உள்நாட்டில் செய்த பேனல்தான் ஏற்கப்படும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கு

இதுவரை ரூபாய்க் கணக்கே பார்த்தோம். மனச்சாட்சிக் கணக்கு என்று ஒன்றும் உண்டு. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரம் உண்டாக்கும்போது, சராசரியாக 700 கிராம் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. நிலக்கரி எரியும் மின் நிலையங்களின் அருகே வாழும் மக்கள் சாம்பலோடும் தூசியோடும் காலம் தள்ளுகிறார்கள். மூன்று கிலோவாட் பேனல் ஆண்டுக்குச் சுமார் மூன்று டன் கரியமில வாயுவைத் தவிர்க்கிறது. பேனலைச் செய்யச் செலவான ஆற்றலை அது ஓரிரு ஆண்டுகளிலேயே திருப்பித் தந்துவிடுகிறது.

2008-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் காலத்தில், வத்திக்கானின் ஆறாம் பவுல் மண்டபக் கூரையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பேனல்கள் பொருத்தப்பட்டன. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'லவுதாத்தோ சி' என்ற சுற்றுமடலில் பூமியை நம் பொது இல்லம் என்று அழைத்து, அதைக் காக்கும் கடமையை நமக்கு உணர்த்தினார். அந்தச் சுற்றுமடலில் ஏழைகளின் துயரமும் பூமியின் துயரமும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. ஆகையால் வசதி உள்ள வீட்டார், 800 யூனிட் செலவழிக்கும் வீட்டார், பேனல் போடுவது அவர்களுக்கு இலாபம் மட்டுமல்ல, கடமையும் ஆகும். 200 யூனிட்டில் சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் தாய்மார்களோ, ஒரு பேனலும் இன்றியே அந்தக் கடமையை நாள்தோறும் செய்து வருகிறார்கள். அவர்கள் நகையை அடகு வைத்துத்தான் பூமியைக் காக்க வேண்டும் என்று எவரும் சொல்ல முடியாது.

வாடகை வீட்டில் வாழ்பவர்களுக்கும், அடுக்குமாடியில் கூரையில் தனி உரிமை இல்லாதவர்களுக்கும் பேனல் எட்டாத பொருளாக இருக்கிறது. வருங்காலத்தில் பொறியாளர்களாகவும், ஆசிரியைகளாகவும், அரசு அலுவலர்களாகவும் விளங்கப்போகும் நீங்கள் அவர்களுக்கும் வழி காண வேண்டும். அதற்கு முதற்படியாக, இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு மின் அட்டையையோ, கைபேசிக்கு வந்த கட்டணச் செய்தியையோ எடுத்து, ஆறு கணக்குகளையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் வீடு நான்கில் எந்த வீட்டுக்கு அருகில் இருக்கிறது என்று கண்டு, பெற்றோரிடம் விளக்கிச் சொல்லுங்கள். விற்பனையாளர் வாசலுக்கு வரும்போது, கையில் அந்தத் தாளுடன் அவருக்கு விடை சொல்லும் பெண் நீங்களாக இருங்கள்.